எண்ணிக்கையில் விடுபட்டவர்கள்: தரவுத்தள இயந்திரத்தில் ஒரு வழுவும் அதன் திருத்தமும்

கணினி கணக்கில் தவறு செய்யாது என்று நம்மில் பலர் நம்பிக் கொண்டிருக்கிறோம். வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு, மருத்துவமனைப் பதிவு என எதை எடுத்துக் கொண்டாலும், திரையில் ஓர் எண் தோன்றிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்பவர் குறைவு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சென்ற ஆண்டு சுங்கை பூலோவில் நடந்த ஒரு சிறு நிகழ்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. அதனைத் தொடர்ந்து நான் படித்தறிந்த ஒரு பழைய வழுவைப் பற்றியும், அதனைக் கணினி அறிஞர்கள் திருத்திய விதத்தைப் பற்றியும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினித் துறையைச் சாராத நண்பர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், எங்கள் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டியலில் வந்த ஐந்து பெயர்கள்

ஆண்டு ஐந்து, ஆண்டு ஆறு பயிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து, சுங்கை பூலோவில் சனிக்கிழமைதோறும் ஓர் இலவசப் பிரத்தியேக வகுப்பை நடத்தி வந்தோம். 31 மாணவர்களின் பெயர்களைப் பெற்றோர்கள் பதிந்திருந்தனர். பத்து வாரங்கள் கடந்த பின், வகுப்புக்குச் சரியாக வராத மாணவர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று பேசுவது என்று முடிவு செய்தோம். கணினி அறிவியல் பயில்பவன் என்பதால், பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எங்களிடம் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று, 'மாணவர்' அட்டவணை. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் பதிவு எண், பெயர், வீட்டு முகவரி ஆகியவை இருக்கும். மற்றொன்று, 'வருகை' அட்டவணை. ஒரு மாணவர் ஒரு நாள் வகுப்புக்கு வந்தால், அவருடைய பதிவு எண்ணும் அன்றைய தேதியும் கொண்ட ஒரு வரி அதில் சேரும். வராத நாளுக்கு எந்த வரியும் சேராது. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வியை வினவல் என்பர். நான் எழுதிய வினவலின் பொருள் இதுதான்: இரண்டு அட்டவணைகளையும் பதிவு எண்ணைக் கொண்டு இணை, இணைந்த வரிகளை மாணவர் வாரியாகக் குழுவாக்கு, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணு, எண்ணிக்கை மூன்றுக்கும் குறைவாக உள்ளவர்களை மட்டும் காட்டு. ஒரு நொடிக்குள் ஐந்து பெயர்கள் வந்தன. இரண்டு மாலைப் பொழுதுகளில் அந்த ஐந்து வீடுகளுக்கும் சென்று வந்தோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த வாரம் பாசார் மாலாமில் ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். "அடுத்த வீட்டுப் பையனத் தேடி வந்தீங்களே தம்பி. அவனாவது ரெண்டு நாள் வந்தான். எம் பேரன் ஒரு நாள்கூட வரல. அவன மட்டும் ஏன் தேடல?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தம் பேரனை நாங்கள் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டோமோ என்ற வருத்தம்தான் இருந்தது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த மாணவனின் பெயர் 'மாணவர்' அட்டவணையில் இருந்தது. 'வருகை' அட்டவணையில் அவன் பெயரில் ஒரு வரிகூட இல்லை. அவனைப் போல் இன்னும் மூவர் இருந்தனர். மிக முக்கியமாகத் தேடிச் செல்ல வேண்டிய நால்வரைத்தான் என் வினவல் விட்டுவிட்டிருந்தது.

சுழியம் எங்கே போனது?

நான் எழுதிய வினவலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கணினி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அப்படியானால் நால்வர் எப்படி மறைந்தனர்?

இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது, இரு பக்கமும் பொருந்துகின்ற வரிகள் மட்டுமே மிஞ்சும். ஒரு மாணவர் எட்டு நாள் வந்திருந்தால், இணைப்பின் விளைவாக அவருக்கு எட்டு வரிகள் கிடைக்கும். இரண்டு நாள் வந்தவருக்கு இரண்டு வரிகள். ஒரு நாளும் வராதவருக்கு ஒரு வரியும் கிடைக்காது. வரி இல்லாவிட்டால் குழு இல்லை. குழு இல்லாவிட்டால் அங்கே எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே, 'இவர் வந்த நாள்கள் சுழியம்' என்று கணினி கணக்கிட்டுப் பின்னர் அவரை நீக்கவில்லை. அவரைப் பற்றி அது கணக்கிடவே இல்லை.

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. குழுவாக்காமல் ஓர் அட்டவணையை எண்ணச் சொன்னால், அட்டவணை காலியாக இருந்தாலும் கணினி ஒரு விடை தரும். அந்த விடை 0. குழுவாக்கி எண்ணச் சொன்னால், காலி அட்டவணைக்கு ஒரு விடையும் வராது. ஏனெனில், காலி அட்டவணையில் குழுக்களே இல்லை. முதலாவதில் ஒரு வரி, அதில் சுழியம். இரண்டாவதில் வரியே இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டும் ஒன்றல்ல. இக்கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இந்த ஒரே வேறுபாட்டைச் சுற்றியே அமைகிறது.

திருத்தத்தில் நேர்ந்த இரண்டாவது தவறு

இக்குறையைத் தீர்க்க 'வெளி இணைப்பு' என்ற ஒரு முறை உண்டு. இதில் இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளும் காப்பாற்றப்படும். வலப்பக்கத்தில் பொருத்தமான வரி இல்லாவிட்டால், அந்தக் கட்டங்கள் வெற்றுமதிப்பால் நிரப்பப்படும். வெற்றுமதிப்பு என்பது சுழியமும் அன்று, வெற்றுச் சொல்லும் அன்று. இங்கு மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் காட்டும் குறி. ஆங்கிலத்தில் இதனை 'நல்' என்பார்கள்.

சாதாரண இணைப்பை வெளி இணைப்பாக மாற்றினேன். இம்முறை ஒன்பது பெயர்கள் வந்தன. மகிழ்ச்சியுடன் பட்டியலை வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பினேன். விடுபட்ட நால்வருக்கும் நேராக '1' என்று இருந்தது. ஒரு நாளாவது வந்திருக்கிறார்களே என்று நினைத்துக் கொண்டேன். ஆனால், வாரந்தோறும் வாசலில் நின்று வருகையைப் பதிவு செய்த தோழி, "நாலு பேரையும் நான் கண்ணால பார்த்ததே இல்லையே!" என்று பதில் அனுப்பினார்.

அவர் சொன்னதுதான் சரி. வெளி இணைப்பு, வராத மாணவருக்கும் வெற்றுமதிப்பு நிரப்பிய ஒரு வரியைத் தருகிறது. நானோ 'வரிகளை எண்ணு' என்று கேட்டிருந்தேன். வெற்றுமதிப்பு நிரம்பியதாக இருந்தாலும் அதுவும் ஒரு வரிதானே? ஆகையால் விடை 1. 'வருகைத் தேதிகளை எண்ணு' என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நெடுவரிசையை எண்ணும்போது வெற்றுமதிப்புகள் கணக்கில் சேரா. அப்படி மாற்றியதும் நால்வருக்கும் 0 வந்தது. மூன்றாவது முயற்சியில்தான் பட்டியல் சரியானது.

இதனை எங்கள் விரிவுரையாளரிடம் வெட்கத்துடன் கூறினேன். அவர் சிரித்தார். "நீங்கள் மட்டுமா? தரவுத்தள இயந்திரத்தை வடிவமைத்தவர்களே இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பெயரே உண்டு" என்றார். அந்தப் பெயர் 'கவுண்ட் வழு'. எண்ணிக்கை வழு என்று நாம் தமிழில் கூறலாம்.

கேட்பது ஒருவர், வழி தேடுவது இயந்திரம்

இவ்வழுவைப் புரிந்து கொள்ளச் சிறிது வரலாறு தேவைப்படுகிறது. 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கோட், தரவுகளை அட்டவணைகளாக அமைத்து அவற்றின் உறவுகளைக் கணித முறைப்படி கையாளலாம் என்ற கருத்தை வெளியிட்டார். 1974-ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் டொனால்ட் சாம்பர்லின், ரேமண்ட் போய்ஸ் ஆகிய இருவரும் அதற்கான ஒரு வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். என்று வழங்குகிறது.

இம்மொழியின் சிறப்பு என்னவென்றால், பயனர் தமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். அதை எப்படித் தேடி எடுப்பது என்பதை இயந்திரமே முடிவு செய்து கொள்ளும். மாமாக் கடையில் தேநீர் கேட்பவர், எந்த அடுப்பில் எந்தப் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்வதில்லை அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். ஆனால், இந்தச் சுதந்திரத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. இயந்திரம் எந்த வழியில் சென்றாலும் விடை மாறக்கூடாது. வேகத்திற்காக வினவலை மாற்றி எழுதலாம். பொருளை மாற்றி எழுதக்கூடாது.

எங்கள் பட்டியலுக்கு நான் வேறு விதமாகவும் வினவல் எழுதியிருக்க முடியும். 'ஒவ்வொரு மாணவரையும் எடு. வருகை அட்டவணையில் அவருக்குரிய வரிகளை எண்ணு. அந்த எண்ணிக்கை மூன்றுக்கும் குறைவாக இருந்தால் அவரைக் காட்டு.' இங்கே ஒரு வினவலுக்குள் இன்னொரு வினவல் இருக்கிறது. உள்ளே இருப்பது குழுவாக்காத எண்ணல். எனவே, ஒரு நாளும் வராதவருக்கு அது 0 என்று விடை தரும். அவர் பட்டியலில் வருவார். எழுதியவர் தவறு செய்யவில்லை.

ஆனால், இவ்வினவலை எழுதியபடியே நிறைவேற்றினால் வேலை மிகுதியாகும். வெளியே 10,000 வரிகளும் உள்ளே 10 இலட்சம் வரிகளும் இருப்பதாகக் கொள்வோம். குறியீட்டு வசதி எதுவும் இல்லாவிட்டால், ஒவ்வொரு வெளிவரிக்கும் உள் அட்டவணை முழுவதையும் படிக்க வேண்டும். 10,000 பெருக்கல் 10 இலட்சம் என்பது 1,000 கோடி வரிகள். மாறாக, உள் அட்டவணையை ஒரே முறை படித்துக் குழுவாக்கி எண்ணி வைத்துக் கொண்டு, பிறகு வெளி அட்டவணையுடன் இணைத்தால் 10 இலட்சத்துச் சொச்சம் வரிகளைப் படித்தால் போதும். இத்தகைய இலாபத்தைக் கண்டு எந்தப் பொறியாளர்தான் சும்மா இருப்பார்?

1982: வேகமான வழியும் காணாமல் போன விடையும்

இந்த வழியை முறைப்படுத்தி வெளியிட்டவர் வொன் கிம். உள்வினவல்களை இணைப்புகளாக மாற்றி எழுதும் முறைகளை விளக்கும் அவருடைய கட்டுரை 1982-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்துறையில் அது ஒரு முன்னோடிக் கட்டுரை. பின்னால் வந்த எல்லோரும் அதிலிருந்தே தொடங்கினர்.

அக்கட்டுரையில் மறைந்திருந்த குறையை 1984-ஆம் ஆண்டில் வெர்னர் கீஸ்லிங் சுட்டிக் காட்டினார். மறு ஆண்டு, ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த பெரிய தரவுத்தளங்களுக்கான அனைத்துலக மாநாட்டிலும் இச்சிக்கலைப் பற்றி எழுதினார். அவர் எடுத்துக் காட்டிய உதாரணம் மிகச் சிறியது. அதை நாமும் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

உதிரிப் பாகங்களின் அட்டவணையில் மூன்று வரிகள். பாகம் 3, கையிருப்பு 6. பாகம் 10, கையிருப்பு 1. பாகம் 8, கையிருப்பு 0. விநியோக அட்டவணையில் ஐந்து வரிகள். பாகம் 3-க்கு 1978-இல் ஒன்று, 1979-இல் ஒன்று. பாகம் 10-க்கு 1978-இல் ஒன்று, 1981-இல் ஒன்று. பாகம் 8-க்கு 1983-இல் ஒன்று. கேள்வி இதுதான்: 1980-க்கு முன் நடந்த விநியோகங்களின் எண்ணிக்கையும் கையிருப்பும் சமமாக உள்ள பாகங்கள் எவை?

கேள்வியை அப்படியே பின்பற்றுவோம். பாகம் 3-க்கு 1980-க்கு முன் இரண்டு விநியோகங்கள், கையிருப்பு 6. பொருந்தவில்லை. பாகம் 10-க்கு ஒன்று, கையிருப்பு 1. பொருந்துகிறது. பாகம் 8-க்கு 1980-க்கு முன் விநியோகமே இல்லை. ஆகவே எண்ணிக்கை 0, கையிருப்பும் 0. பொருந்துகிறது. எனவே சரியான விடை 10, 8 ஆகிய இரண்டு பாகங்கள்.

இப்பொழுது கிம்மின் வழியில் செல்வோம். முதலில் விநியோக அட்டவணையில் 1980-க்கு முந்திய வரிகளை மட்டும் எடுத்துக் குழுவாக்குகிறோம். பாகம் 3-க்கு 2, பாகம் 10-க்கு 1. அவ்வளவுதான். பாகம் 8-க்குக் குழு இல்லை. இதனை உதிரிப் பாகங்களின் அட்டவணையுடன் இணைத்தால், விடையாகப் பாகம் 10 மட்டுமே வருகிறது. பாகம் 8 காணாமல் போய்விட்டது. எங்கள் வகுப்பின் நால்வரும் இதே வழியில்தான் காணாமல் போயினர்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எங்கள் பட்டியலில் தவறு என்னுடையது. நான்தான் வினவலைத் தவறாக எழுதினேன். இங்கே பயனர் சரியாகவே எழுதுகிறார். இயந்திரம் அவருக்குத் தெரியாமல் அதை மாற்றி எழுதி, தவறான விடையைத் தருகிறது. பிழைச் செய்தி இல்லை. வேகமோ முன்பைவிட அதிகம். இதைவிட ஆபத்தான வழு வேறு என்ன இருக்க முடியும்?

கூட்டுத் தொகை, சராசரி, உச்ச மதிப்பு போன்ற மற்றத் திரட்டல்களுக்கு ஏன் இச்சிக்கல் எழவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். காலி அட்டவணையின் கூட்டுத் தொகையும் சராசரியும் உச்ச மதிப்பும் எஸ்.கியூ.எல். விதிப்படி வெற்றுமதிப்பாகும். வெற்றுமதிப்போடு எதை ஒப்பிட்டாலும் 'உண்மை' என்ற விடை வராது. எனவே, அந்த வரி எப்படியும் நீக்கப்படும். குழு இல்லாததால் நீங்கினாலும் ஒப்பீட்டில் நீங்கினாலும் முடிவு ஒன்றே. எண்ணல் மட்டும்தான் காலியைப் பார்த்து 0 என்று உறுதியாகப் பதில் சொல்கிறது. அதனால்தான் இவ்வழுவுக்கு எண்ணலின் பெயர் வாய்த்தது. வெற்றுமதிப்பைச் சுழியமாக மாற்றும்படி பயனரே வினவலில் கேட்டிருந்தால், கூட்டுத் தொகைக்கும் இதே கதிதான்.

1987: திருத்தம்

1987-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கான்ஸ்கி, ஹேரி வோங் ஆகிய இருவரும் கிம்மின் முறையைத் திருத்தி வெளியிட்டனர். அவர்களின் திருத்தத்தை மூன்று படிகளாகக் கூறலாம்.

முதலாவது, வெளி அட்டவணையிலிருந்து பாக எண்களை மட்டும், ஒன்று ஒரு முறை வருமாறு எடுத்துக் கொள்ள வேண்டும். ஒரே பாக எண் இரு வரிகளில் இருந்தால், இணைப்பில் விநியோகங்களும் இரட்டிப்பாகி எண்ணிக்கை தவறிவிடும். அதைத் தடுப்பதற்கே இப்படி.

இரண்டாவது, அந்தப் பாக எண்களை விநியோகத்துடன் வெளி இணைப்பால் இணைக்க வேண்டும். '1980-க்கு முன்' என்ற நிபந்தனையை இணைப்புக்கு முன்னரே விநியோக அட்டவணையில் செலுத்திவிட வேண்டும். இணைத்த பின் செலுத்தினால், பாகம் 8-க்கு 1983-இன் வரி பொருந்தி, பிறகு அந்த வரி நிபந்தனையில் அடிபட்டு, பாகம் 8 மீண்டும் மறைந்துவிடும்.

மூன்றாவது, இணைத்த பின்னரே குழுவாக்கி எண்ண வேண்டும். அப்படி எண்ணும்போது வரிகளை எண்ணாமல், விநியோகப் பக்கத்து நெடுவரிசை ஒன்றையே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் பாகம் 8-க்கு 0 வராமல் 1 வரும். நான் இரண்டாவது முறை செய்த தவறு இதுவேதான்.

கிம் முதலில் எண்ணினார், பிறகு இணைத்தார். கான்ஸ்கியும் வோங்கும் முதலில் இணைத்தனர், பிறகு எண்ணினர். அவ்வாறு செய்ததால், எண்ணத் தொடங்கும் முன்பே வெளி அட்டவணையின் ஒவ்வொரு பாகத்திற்கும் ஓர் இடம் உறுதியாகிவிட்டது. அதே 1987-இல் உமேஷ்வர் தயாள் என்பவரும் வெளி இணைப்பைக் கொண்டு உள்வினவல்களைக் கையாளும் ஒரு பொது முறையை வெளியிட்டார். பின்னர் 2001-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கலிண்டோ-லெகாரியா, ஜோஷி ஆகியோர் குழுவாக்கிய எண்ணலையும் குழுவாக்காத எண்ணலையும் இரண்டு வெவ்வேறு செயல்களாகவே பிரித்து வைத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது பின்பற்ற வேண்டிய விதிகளை வகுத்தனர்.

மீண்டும் முளைத்த வழு

ஐந்தே ஆண்டுகளில் திருத்தம் வந்துவிட்டதால் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்குகின்றவர்கள் அதே வேகத்தை நாடும்போது அதே வழுவும் திரும்பி வருகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2009-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்பார்க், பெருந்தரவுகளைக் கையாளும் திறந்த மூல மென்பொருளாகும். இப்பொழுது அப்பாச்சி ஸ்பார்க் என்ற பெயரில் உலகெங்கும் பயன்படுகிறது. 2016-ஆம் ஆண்டில் இதில் உள்வினவலைக் கொண்ட சில வினவல்கள் தவறான விடை தருவது கண்டறியப்பட்டது. ஸ்பார்க் முதலில் குழுவாக்கி எண்ணி, பின்னர் வெளி இணைப்பால் இணைத்தது. எனவே வரி மறையவில்லை. ஆனால், குழு இல்லாத வரிக்கு 0 வராமல் வெற்றுமதிப்பு வந்தது. வெற்றுமதிப்பும் 0-வும் சமமாகா. ஆகவே, ஒப்பீட்டில் அந்த வரி நீங்கியது.

இதற்குச் செய்யப்பட்ட திருத்தம் சுவையானது. வெற்றுமதிப்பு வந்த இடத்தில் எல்லாம் 0 போட்டுவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. ஏனெனில், பொருந்திய குழு இருந்தும் அதன் உண்மையான விடையே வெற்றுமதிப்பாக இருக்கும் வினவல்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டும். அதற்காக உள் பக்கத்தில் எப்போதும் 'உண்மை' என்ற மதிப்பைக் கொண்ட ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்தனர். இணைத்த பின் அந்தக் கட்டத்தில் 'உண்மை' இருந்தால், குழு இருந்தது என்று பொருள். வந்த விடையை அப்படியே கொடுக்கலாம். அந்தக் கட்டம் வெற்றுமதிப்பாக இருந்தால், குழுவே இல்லை என்று பொருள். காலி அட்டவணைக்கு அவ்வினவல் என்ன விடை தருமோ அதைக் கொடுக்க வேண்டும். இவ்வாறு 'விடை வெறுமை' என்பதும் 'ஆளே இல்லை' என்பதும் பிரிக்கப்பட்டன.

2023-ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறான வழு ஒன்று அதே மென்பொருளில் திருத்தப்பட்டது. உள்வினவலில் பயனரே குழுவாக்கச் சொல்லியிருந்தால், காலி அட்டவணைக்கு விடையே வரக்கூடாது. அதாவது வெற்றுமதிப்புதான் வர வேண்டும். இயந்திரமோ பழைய திருத்தத்தை அங்கும் செலுத்தி 0 என்று கொடுத்துக் கொண்டிருந்தது. வழுவைத் திருத்துகின்றவர், திருத்தம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஏன் எளிதில் கண்ணுக்குப் படவில்லை?

இவ்வழு திரும்பத் திரும்பத் தப்பித்துக் கொள்வதற்குக் காரணம், சோதனைத் தரவுகளை நாம் தயாரிக்கும் விதம்தான். சோதிப்பதற்கு மாணவர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னால், எல்லா மாணவர்களுக்கும் சில வருகைகளைப் போட்டு நிரப்புவோம். ஒரு நாளும் வராத மாணவர் நம் நினைவுக்கு வருவதில்லை. அத்தகைய தரவில் சரியான வினவலும் தவறான வினவலும் ஒரே விடையைத்தான் தரும்.

இதற்கு ஒரு தீர்வை மும்பை ஐ.ஐ.டி.யில் எஸ். சுதர்சனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். நம்மில் கணினி அறிவியல் பயில்வோர் பலருக்கு இவர் பெயர் தெரிந்திருக்கும். சில்பர்சாட்ஸ், கோர்த் ஆகியோருடன் இணைந்து தரவுத்தளப் பாடநூலை எழுதியவர் இவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். இக்குழுவினரின் 'எக்ஸ்டேட்டா' ஆய்வு, ஒரு வினவலை எடுத்து, அதிலுள்ள இணைப்பை வெளி இணைப்பாக்குவது போன்ற சிறு மாற்றங்களைச் செய்து, மூலத்துக்கும் மாற்றத்துக்கும் விடை வேறுபடும்படியான தரவைத் தானாகவே உருவாக்குகிறது. 2011-ஆம் ஆண்டில் இது பற்றிய அவர்களின் கட்டுரை வெளிவந்தது. நாம் மறந்துவிடும் 'வராத மாணவரை' இத்தகைய கருவி மறக்காமல் சேர்த்துவிடும்.

கருவி இல்லாவிட்டாலும் நாம் பின்பற்றக்கூடிய எளிய வழிகள் மூன்று உள்ளன. முதலாவது, பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் சரிபார்க்காமல், மொத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் மூன்று நாளும் அதற்கு மேலும் வந்தவர்கள் 22 பேர். குறைவாக வந்தவர்கள் 5 பேர் என்று என் பட்டியல் சொன்னது. இரண்டையும் கூட்டினால் 27. பதிந்தவர்களோ 31. இந்தச் சிறு கூட்டலைச் செய்திருந்தால் பாசார் மாலாமில் நான் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன். இரண்டாவது, எதை எண்ணுகிறோம் என்பதை வினவலில் தெளிவாகச் சொல்ல வேண்டும், வரியையா, தேதியையா? மூன்றாவது, சோதனைத் தரவில் எப்பொழுதும் ஒன்றுமே இல்லாத ஒருவரைச் சேர்த்து வைக்க வேண்டும்.

முடிவாக

இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர்களில் பலர் நாளை ஆசிரியர்களாகவும் கணக்காய்வாளர்களாகவும் அரசுப் பணியாளர்களாகவும் மென்பொருள் பொறியாளர்களாகவும் வேலை செய்வீர்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காத குடும்பம், கிளினிக்கிற்கு வராத நோயாளி, நூலகத்தில் ஒரு நூலும் இரவல் வாங்காத மாணவர் எனப் பல பட்டியல்கள் உங்கள் கைகளுக்கு வரும். விண்ணப்பங்களின் பட்டியலிலிருந்து தொடங்கினால் விண்ணப்பிக்காதவர் அதில் இருக்கமாட்டார். எனவே, நிகழ்வுகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல், மனிதர்களின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். கான்ஸ்கியும் வோங்கும் செய்த திருத்தத்தின் சாரமும் இதுவே.

அந்த நால்வரின் வீடுகளுக்கும் பிறகு சென்றோம். ஒரு குடும்பம் வேறு ஊருக்கு மாறிச் சென்றிருந்தது. ஒரு மாணவிக்கு அதே நேரத்தில் வேறு வகுப்பு இருந்தது. பாட்டியின் பேரனுக்கும் இன்னொரு மாணவனுக்கும் காரணம் ஒன்றுதான்: சனிக்கிழமை காலையில் பெற்றோருக்கு வேலை, அழைத்து வர ஆளில்லை. இப்பொழுது எங்கள் நண்பர் ஒருவர் தம் காரில் இருவரையும் அழைத்து வருகிறார். சென்ற சனிக்கிழமை வருகைப் பதிவில் இருவர் பெயரும் இருந்தன.